புத்தகத்தில் இல்லாத ஓசூர்

அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் மகளை நச்சரித்து வாங்க வைத்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்கு டீச்சரம்மா ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவர் பெட்டியில் இடம் கெஞ்சி வரவழைத்த புத்தகம். எங்கள் போர்ட் பிளேயரில் மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமானாகத்தான் இருக்கும். டீச்சரம்மா அதை என் கையில் கொடுக்கும்போதே, "தீதி, இத்னா பாரி கிதாப்!" என்று தோளைப் பிடித்துக்கொண்டார். இந்தக் கனத்துக்கு இரண்டு கிலோ சின்ன வெங்காயம் கொண்டுவந்திருக்கலாமாம். இருபது பக்கம் படித்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எழுதியவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். சென்னையில் ஏதோ ஒரு தெருவில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு ஒரு வலைப்பூ நடத்தினார்கள். ஒரு நாள் அவர் எழுதுவார், ஒரு நாள் அவள். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. தண்ணீர் மோட்டார் நின்றுபோனது, வீட்டு ஓனர் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டது, குக்கரை வைத்துவிட்டுச் சண்டை போட்டதில் பருப்பு தீய்ந்தது, அதைக் கொட்ட மனசில்லாமல் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டது. ஒரே சண்டையை அவர் ஒரு மாதிரி எழுதுவார், மறுநாள் அவள் வேறு மாதிரி எழுதுவாள். பதிவுக்குக் கீழே ஊர்ப்பட்ட பேர் பஞ்சாயத்துக்கு வந்து நிற்பார்கள்.

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. இங்கே இன்டர்நெட் என்றால் பொறுமைக்கு வைத்த பரீட்சை. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்தப் பக்கத்தையும் திறந்து வைப்பேன். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது பாதிப் பக்கம் வந்திருக்கும். பிரிண்ட் எடுத்தால் ஹெட் கிளார்க் பிரிண்டர் மைக்கு எங்கே போவது என்பார். அதனால் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்வேன். சுருக்கி எழுதுவதில்லை. கமா முதற்கொண்டு அப்படியே எழுதுவேன். ஒரு வருஷத்தில் மூன்று நோட்டு ஆகியிருந்தது.

எழுதியது எனக்காக மட்டுமில்லை. என் வீட்டுக்காரர் அப்போது தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் இருந்தார். பவர் ஹவுஸில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நினைத்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரமில்லை. கப்பல் ஒவ்வொரு தீவாக நின்று நின்று போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும், கடல் சரியில்லை என்றால் அதுவும் கிளம்பாது. மகள் எட்டாவது படித்தாள், எனக்கும் வேலை, அதனால் நாங்கள் இங்கே டெலானிபூர் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டோம். மூன்று வருஷத்துக்கு என்று சொல்லிப் போனார்.

அங்கே நெட் சுத்தமாகக் கிடையாது. போன் மட்டும் கிடைக்கும். தினம் சாயங்காலம் ஏழரைக்கு நான் கூப்பிடுவேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், பாப்பா படிக்கிறாளா, படிக்கிறாள், மழையா, மழைதான். அதோடு தீர்ந்துவிடும். பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இல்லை, பேச்சுதான் இல்லை. லீவில் வந்தால் வீட்டிலிருக்கும் ஸ்விட்ச் போர்டை எல்லாம் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவார். நான் சமைப்பேன். பதினைந்து நாள் முடிந்ததும் கப்பல் ஏறிவிடுவார். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. அதையே எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

ஒரு நாள் சும்மா, நோட்டை எடுத்து அந்த மோட்டார் கதையைப் போனில் படித்தேன். அவர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். முடித்ததும் சொன்னார், "அது மோட்டார் போகல. கெபாசிட்டர் போயிருக்கும். மெக்கானிக் அவனை ஏமாத்துறான். நீ எழுது அவங்களுக்கு."

மறுநாள் எழுதினேன். அந்தமான் வாசகி, என் கணவர் சொல்கிறார் என்று போட்டு எழுதினேன். நான்கு நாள் கழித்து அந்த ஆள் பதில் போட்டிருந்தார். கெபாசிட்டர்தானாம், அந்தமான் அண்ணனுக்கு நன்றியாம். அன்றைக்கு ஏழரைக்கு அதைப் படித்தபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை. நான் படிப்பேன், அவர் கேட்பார், பிறகு அரை மணி நேரம் அந்தக் குடும்பத்தைப் பற்றியே பேசுவோம். வீட்டு ஓனர் வாடகை ஏற்றுவது நியாயமா, அவள் அம்மா வீட்டுக்குப் போனது சரியா. எங்கள் வீட்டைப் பற்றி இவ்வளவு யோசித்திருந்தோமானால் எங்கேயோ போயிருப்போம்.

அடுத்த மழைக்காலத்தில் நெட் அடியோடு படுத்துவிட்டது. முதல் நாள், இன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். "அச்சா" என்றார். கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் ஓடியது. "டீக் ஹை, அப்ப வெச்சிடவா?" என்றார். வைத்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறந்து, நோட்டைத் திறந்து, நானே ஒன்று எழுதினேன்.

முதலில் எழுதியது மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைப் பற்றி. அவர்கள் நடை எனக்கு அத்துப்படி. மூன்று நோட்டு எழுதிய கை. அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, இந்த வாரம் நல்லா எழுதியிருக்காங்க என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நெட் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இங்கே நெட் மாதத்தில் பாதி நாள் வராது. நோட்டில் எது அவர்களுடையது, எது என்னுடையது என்று குறித்து வைக்கவும் இல்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

அவருடைய மூன்று வருஷம் முடிய ஐந்தாறு மாதம் இருக்கும்போதுதான் நான் ஓசூரை எழுதினேன். நெட் சேர்ந்தாற்போல் பல நாள் இல்லாத சமயம். அந்தப் புருஷனுக்கு ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்துப் போய்விட்டதாகவும், அவள் மட்டும் மாடி போர்ஷனில் இருப்பதாகவும் எழுதினேன். அவள் சொல்வதாக இப்படி எழுதினேன்: "நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. அவர் கேட்டால் சாப்பிட்டேன் என்கிறேன். பொய்யில்லை. சாப்பிட்டுத்தான் இருக்கிறேன்."

போனில் படிக்கும்போது என் குரல் ஒரு இடத்தில் இடறியது. இருமலாக்கிச் சமாளித்தேன். பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார், "ச்சே, பாவம் அந்தப் பொண்ணு. அந்தாளு என்ன மனுஷன்? டிரான்ஸ்ஃபர் எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டேதான் சாப்பிட்டும் இருந்தேன். இப்போது புரிந்துகொள்வார், இதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர், "நாளைக்கு என்ன ஆச்சுன்னு பாத்து வை" என்றார்.

விடாமல் இன்னும் மூன்று எழுதினேன். கல்யாண நாளை அவன் மறந்துபோனது, கரண்ட் போன சாயங்காலம், குழந்தைக்குக் காய்ச்சல். அவர்களுக்குக் குழந்தை இல்லை என்பதை மறந்துவிட்டேன், பிறகு அக்கா பையன் என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் அந்த ஆளைத் திட்டினார். அப்புறம் நெட் வந்தது. பார்த்தால், நிஜ வலைப்பூவில் அந்த ஆள் வீட்டிலேயே உட்கார்ந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர் வேலை பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டான் என்று நானே ஒரு பாரா எழுதிச் சேர்த்தேன். "சபாஷ்" என்றார் இவர்.

அந்த மாதக் கடைசியில் சொன்னார், "இங்க வேற ஆள் இல்லையாம். இன்னொரு மூணு வருஷம் நிறுத்தி வெச்சுட்டாங்க." எனக்கு அழக்கூட வரவில்லை. அன்றைக்குப் படிக்க வேண்டியதைப் படித்தேன்.

அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வலைப்பூ நின்றுபோனது. புத்தகமாக எழுதப் போகிறோம் என்று ஒரு அறிவிப்புப் போட்டுவிட்டுப் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஏழரை மணியும் பழையபடி சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்று ஆனது. இட்டுக்கட்டி ஓட்டியிருக்கலாம். ஆனால் வலைப்பூவே இல்லை என்று லீவில் போய்வந்த யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த இரண்டாவது மூன்று வருஷமும் முடிந்து, போன வருஷம் ஓய்வு பெற்று வந்தார். அவர் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். ஒரு மாதத்தில் ஸ்விட்ச் போர்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் சாயங்காலம் என்பது எவ்வளவு நீளம் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இனிமேல் சாகும்வரை இப்படித்தானா என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் புத்தகம் வெளிவந்துவிட்டது என்று மகள் சொன்னாள். அவரிடம் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழரைக்குப் படி" என்றார்.

ஆகவே அந்தப் புத்தகத்தை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அதுதான் இப்படி வந்திருந்தது. பளபளவென்று தாள். பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. அந்த மாடி போர்ஷன் போய் ஏதோ ஒரு பெரிய வீடு, வெள்ளைச் சுவர், ஜன்னலோரம் செடி. பின்னட்டையில் இரண்டு பேரும் காப்பிக் கோப்பையோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சண்டையே இல்லை. இருந்த ஒன்றிரண்டும், சண்டையிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஏழு பாடங்கள் என்று கட்டம் கட்டி வந்திருந்தன. தீய்ந்த பருப்பு இரண்டு வரி. அதற்குக் கீழே, தோல்வியைக் கொண்டாடுங்கள் என்று அறிவுரை. தீய்ந்த பருப்பை யாராவது கொண்டாடுவார்களா? அன்றைக்கு அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார்கள், அதுதானே அழகு. அதை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்று நம்பவே முடியவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் நாளே, "இது அவங்களே எழுதுனதா?" என்றார். ஆமாம் என்றேன். மூன்றாம் நாள், "ஓசூர் எப்ப வரும்?" என்றார்.

நான் எழுதிய ஓசூர் அவர்கள் புத்தகத்தில் எப்படி வரும்? அந்த நிமிஷம்வரை எனக்கு அந்த யோசனையே வரவில்லை என்றால் நம்புவீர்களா? புத்தகம் வரட்டும் என்று நானும் அவரைப் போலவேதான் காத்திருந்தேன். சொல்லப்போனால், உள்ளுக்குள் நானும் ஓசூரைத் தேடித்தான் பக்கம் புரட்டியிருக்கிறேன். வரும் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைப் படித்தேன்.

பத்து நாளில் புத்தகம் முடிந்தது. அவருக்கு நல்ல கோபம். கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் எழுதுவதற்கு ஒரு விலாசம் போட்டிருந்தார்கள். "நோட்டு எடு. லெட்டர் போடுவோம். நல்லதெல்லாம் விட்டுட்டு குப்பையைப் போட்டிருக்காங்க. மத்லப், படிக்கிறவன் என்ன முட்டாளா?" என்றார். எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மோட்டார் கதை இல்லை. வடகம் இல்லை. கல்யாண நாள் இல்லை. கரண்ட் போனது இல்லை. ஓசூர் ஒரு வரிகூட இல்லை. மோட்டார் ஒன்றுதான் அவர்களுடையது. மற்ற நான்கும் நான் எழுதியவை. கை எழுதிக்கொண்டே இருந்தது, மனசு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டது, இப்போதுகூடவா உண்மையைச் சொல்ல மாட்டாய் என்று.

"கடைசியா இதையும் எழுது" என்றார். "அந்தம்மா நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்கள்ல, இப்ப எப்படி இருக்காங்கன்னு நான் கேட்டேன்னு எழுது."

பேனாவை வைத்துவிட்டேன்.

"அது நான் எழுதினது" என்றேன்.

"நீதானே எப்பவும் எழுதி வெச்சுப் படிப்பே."

"பாத்து எழுதினது இல்லைங்க. நெட் இல்லாத நாள்ல நானே எழுதினது. ஓசூருக்கு யாரும் போகல. கேம்பல் பேக்குத்தான் போனாங்க."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தான் சொன்ன ஐந்தையும் விரல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மோட்டாரில் மட்டும் நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். பாவம்னீங்க. அந்தாளைத் திட்டவும் செஞ்சீங்க."

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்கூட இல்லை. அலுப்புதான். ரொம்ப வருஷமாகச் சுமந்ததைக் கீழே வைத்தால் கை லேசாகும் என்பார்கள், எனக்கு வலிதான் தெரிந்தது. அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டாவது தடவை யாரும் என்னை நிறுத்தி வெக்கல. நானேதான் இருக்கிறேன்னு எழுதிக் குடுத்தேன்."

ஏன் என்று வாயால் கேட்டேனா, இல்லை வெறுமனே பார்த்தேனா, நினைவில்லை.

"இங்க லீவுல வந்தா நாம பேசுறதே இல்லையே. அங்க இருந்தா ஏழரைக்கு நீ பேசுவே. அதுவும் அந்த ஓசூர் வந்தப்ப அரை மணி, முக்கா மணின்னு பேசினே. வந்துட்டா அது நின்னுடும்னு இருந்துச்சு."

வரச் சொல்லித்தான் நான் அதை எழுதினேன். கண்ணில் படும்படி, காதில் விழும்படி, என்னால் முடிந்தவரை நன்றாக எழுதினேன். அது நன்றாக இருந்ததால் அவர் அங்கேயே இருந்துவிட்டார். மூன்று வருஷம்.

அவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. கடிதம் எழுதிய தாளைக் கிழித்தேன். அதற்கு முந்தைய தாளில் பழைய எழுத்தில் ஏதோ இருந்தது, அவர்களுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

"புத்தகம் வேண்டாம்" என்றார் அவர். "நீ ஏதாவது எழுதிப் படியேன். இன்னைக்கு நடந்ததை."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வாரே, அப்படி மூடியும்விட்டார்.

"கண்ணைத் திறங்க" என்றேன். "எழுதவெல்லாம் முடியாது. உங்க மூஞ்சியைப் பாத்து வாயாலதான் சொல்வேன்."